ஐரோப்பிய அடையாளம் என்றால் என்ன? ஒரு ஆற்றையும் சில கவிதைகளையும் வைத்து ஒரு விளக்கம்

'ஐரோப்பியப் பண்பாடு' என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறோம். ஈஃபில் கோபுரத்தின் முன் எடுத்த படத்துக்குக் கீழே அதை எழுதுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸில் போடும் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசும்போதும் அதையே சொல்கிறோம். கேட்பவர்களும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டுகிறார்கள்.

இதில் இரண்டு தரப்பு உண்டு. ஐரோப்பா முழுவதுக்கும் கிரேக்கர் காலத்திலிருந்து ஒரே பண்பாடு தொடர்ந்து வருகிறது என்பது ஒரு தரப்பு. அப்படி எதுவுமே கிடையாது, கொடியும் கீதமும் வைத்து அதிகாரிகள் செய்த விளம்பரம் அது என்பது இன்னொரு தரப்பு. இரண்டுமே சரியில்லை. சரியானது என்ன என்று கண்டுபிடிக்கத் தத்துவ நூல்களுக்குள் போக வேண்டியதில்லை. சில கவிதைகள் எப்படிப் பயணம் செய்தன, சில ஊர்கள் எப்படிக் கைமாறின என்று பார்த்தாலே போதும்.

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும்

ஐரோப்பா என்பது கண்டம். ஐரோப்பிய ஒன்றியம் என்பது அந்தக் கண்டத்தின் 27 நாடுகள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்திருக்கும் அமைப்பு. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் கண்டத்தில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டன் உள்ளே இருந்து 2020இல் வெளியே போனது. அதற்காக ஷேக்ஸ்பியரை யாரும் ஐரோப்பியக் கவிஞர் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை.

மூன்றாவதாக ஐரோப்பா கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. 1949இல் தொடங்கியது, தலைமையகம் ஸ்ட்ராஸ்பூர்க். மனித உரிமை, பண்பாடு ஆகியவற்றைக் கவனிக்கும் இந்த அமைப்பில் 46 நாடுகள். நீலத்தில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள் வட்டமாக நிற்கும் அந்தக் கொடியை முதலில் 1955இல் ஏற்றுக்கொண்டது இந்தக் கவுன்சில்தான். ஒன்றியம் அதைத் தனதாக்கிக்கொண்டது முப்பது வருடம் கழித்து. நட்சத்திரங்களின் எண்ணிக்கைக்கும் நாடுகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. (ஒன்றியத் தலைவர்கள் கூடும் கூட்டத்துக்கு 'ஐரோப்பியக் கவுன்சில்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! செய்தியாளர்களே அடிக்கடி தடுமாறுகிறார்கள்.)

சரி, ஐரோப்பிய அடையாளம் என்றால்? தன் ஊர், தன் மொழி, தன் நாடு என்ற பற்றை விடாமல், கூடவே அந்தக் கண்டத்தின் வேறு ஊரும் வேறு மொழிக் கவிதையும் தனக்கும் கொஞ்சம் சொந்தம் என்று ஒருவர் உணர்வது. இந்தக் 'கூடவே' என்பது முக்கியம். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஒன்றியக் குடியுரிமையை உருவாக்கியபோது, ஒரு உறுப்பு நாட்டின் குடிமகனாக இருப்பவருக்கே அது கிடைக்கும் என்று வைத்தது. நாட்டை விட்டுவிட்டு ஐரோப்பியர் ஆக வழியே இல்லை.

மெட்டு ஒன்று, பாட்டு பல

கும்மிக்கு ஒரு மெட்டு இருக்கும். பக்கத்து ஊரில் அதே மெட்டில் அவர்கள் ஊர் அம்மனையும் அவர்கள் ஊர்க் கண்மாயையும் வைத்துப் பாடுவார்கள். கேட்டால், "இது எங்க ஊர்ப் பாட்டு" என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. மெட்டு எங்கிருந்தோ வந்தது, பாட்டு அவர்களுடையதுதான்.

ஐரோப்பியக் கவிதையில் இந்த மெட்டின் இடத்தில் இருப்பது சானட். பதினான்கு வரிகள், கட்டுப்பாடான இயைபு, நடுவில் எங்காவது எண்ணம் ஒரு திருப்பம் திரும்பும். 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில், இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னரின் அவையில் பிறந்தது. ஜாக்கோமோ தா லெந்தினி என்ற ஆவண அதிகாரிதான் இதை முதலில் எழுதியவர் என்று சொல்வார்கள். அடுத்த நூற்றாண்டில் பெட்ரார்க் என்ற கவிஞர் இத்தாலிய மொழியில் இதைக் கொண்டுபோய் ஒரு உச்சத்தில் வைத்தார். அவரே ஒரு நாட்டுக்காரர் என்று சொல்லிவிட முடியாதவர்: இத்தாலியின் அரெட்சோவில் பிறந்து, இன்றைய தென் பிரான்சில், வோக்ளூஸ் ஊற்றின் பக்கத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்த ஊற்றைப் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள்.

அப்புறம் பயணம். 1526இல் ஸ்பெயினின் கிரனாடாவில் வெனிஸ் தூதர் நவஜேரோ, ஹுவான் போஸ்கான் என்ற கவிஞரிடம், "இத்தாலியர்கள் எழுதுகிற வடிவங்களை உங்கள் மொழியில் எழுதிப் பார்க்கலாமே" என்று பேச்சுவாக்கில் சொன்னார். போஸ்கான் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனார். இதை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவரும் அவர் நண்பர் கார்சிலாசோவும் அதை ஸ்பானியத்தில் நட்டார்கள். பிரான்சில் ரோன்சார், இங்கிலாந்தில் வயட், போர்ச்சுகலில் கமோயிஷ், போலந்தில் கோகனோவ்ஸ்கி என்று ஒரே நூற்றாண்டுக்குள் சானட் கண்டத்தைச் சுற்றி வந்துவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. கவிஞர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்லோவேனியாவின் பிரான்ஸே ப்ரெஷெரன். 1834இல் அவர் சானட் மாலை ஒன்றை வெளியிட்டார். பதினைந்து சானட்டுகள். முதல் பதினான்கில், ஒன்றின் கடைசி வரி அடுத்ததன் முதல் வரி. நம் அந்தாதி தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பதினைந்தாவது சானட், முந்தைய பதினான்கின் முதல் வரிகளை மட்டும் கோத்துச் செய்தது. அதன் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே படித்தால் அவர் ஒருதலையாகக் காதலித்த யூலியா பிரிமித்ஸின் பெயர் வரும். அந்தப் பெண்ணின் குடும்பம் இதை ரசித்திருக்க வாய்ப்பில்லை. இன்று தலைநகர் லியுப்லியானாவின் நடுச்சதுக்கத்தில் ப்ரெஷெரனின் சிலை நிற்கிறது. அந்தச் சிலையின் பார்வை எதிரே ஒரு வீட்டுச் சுவரில் பதித்திருக்கும் யூலியாவின் உருவத்தின் மேல் விழுகிறது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வரச் சொல்லும் இடம் இது.

*இதுவரை:* ஐரோப்பியப் பண்பாடு பொதுவானது என்றால் எல்லாரும் ஒரே கவிதையைப் படித்தார்கள் என்று பொருளில்லை. ஒரே வடிவத்தை வாங்கி, தங்கள் மொழியில் தங்கள் ஊரை வைத்து எழுதினார்கள். சிசிலியில் பிறந்த வடிவம்தான் ஒரு ஸ்லோவேனியக் காதலின் நினைவிடமாகவும் ஆகியிருக்கிறது.

ஒரு ஆறு, இரண்டு பெயர்

கவிதை பயணம் போவது ஒரு பக்கம். இடம் இருந்த இடத்திலேயே இருக்க, நாடுகள் அதன் மேல் நகர்ந்துபோவது இன்னொரு பக்கம். இதற்கு ஸ்லோவேனிய ஆல்ப்ஸில் பிறக்கும் ஒரு ஆற்றைப் பார்க்கலாம். மரகதப் பச்சை நிறம். மேலே அதற்கு சோச்சா என்று பெயர். கீழே இத்தாலிக்குள் நுழைந்ததும் இசோன்சோ. மொத்த நீளம் 140 கிலோமீட்டர்கூட இல்லை. மேட்டூரிலிருந்து காவிரி திருச்சி வந்து சேரும் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

1879இல் சிமோன் கிரெகோர்ச்சிச் என்ற பாதிரியார் அந்த ஆற்றை முன்னிலைப்படுத்தி ஸ்லோவேனிய மொழியில் ஒரு கவிதை எழுதினார். ஆற்றங்கரை மலைக்கிராமத்தில் பிறந்தவர். மலையில் துள்ளி வரும் ஆறு சமவெளிக்கு வந்ததும் ஏன் சோர்ந்துபோகிறது என்று கேட்கிறார். பிறகு தொனி மாறுகிறது. இந்தக் கரையில் ஒருநாள் இரத்தமும் கண்ணீரும் ஓடும் என்கிறார். கடைசியில் ஆற்றைப் பார்த்து, கரையை உடைத்துக்கொண்டு வா, மண்ணாசை பிடித்த அந்நியர்களை மூழ்கடித்துவிடு என்று கேட்கிறார்.

அவர் 1906இல் அதே ஆற்றங்கரையில் இருக்கும் கொரீட்சியா நகரில் இறந்தார். ஒன்பது ஆண்டுகளில் முதல் உலகப்போர் அந்த ஆற்றுக்கு வந்தது. 1915 முதல் 1917 வரை இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கும் அங்கே பன்னிரண்டு பெரும் போர்கள் நடந்தன. லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

இத்தாலியப் பக்கத்தில் சாதாரணக் காலாட்படை வீரனாக நின்றவர்களில் ஒருவர் ஜுசெப்பே உங்கரெத்தி. அவர் 'ஆறுகள்' என்ற கவிதையின் கீழே இடமும் நாளும் போட்டிருக்கிறார்: கோத்திச்சி, 1916 ஆகஸ்ட் 16. கொரீட்சியா இத்தாலியர் கையில் விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கவிதையில் வீரன் காலையில் ஆற்றில் இறங்கி நீரில் படுத்துக்கிடக்கிறான். எழுந்து, போரின் அழுக்கேறிய தன் துணிகளுக்குப் பக்கத்தில் குந்தி, பாலைவனத்து பெதூயின் நாடோடி போலக் குனிந்து வெயிலை வாங்கிக்கொள்கிறான். பிறகு தன் வாழ்க்கையின் ஆறுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். இது இசோன்சோ. என் முன்னோர் நீர் எடுத்தது செர்கியோ. நான் பிறந்து வளர்ந்தது நைல் கரையில். என்னை நானே அறிந்துகொண்டது பாரிஸில், செய்ன் ஆற்றில்.

உங்கரெத்தி எகிப்தின் அலெக்சாந்திரியாவில், இத்தாலியிலிருந்து போன குடும்பத்தில் பிறந்தவர். 20ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிதையின் அடித்தளங்களில் ஒன்று என்று கொண்டாடப்படும் இந்தக் கவிதைக்குள் ஒரு ஆப்பிரிக்க ஆறும் ஓடுகிறது. இதைத் தாங்கிய தொகுப்பு அதே ஆண்டு உதினே நகரில் வெறும் 80 பிரதிகள் அச்சானது.

இப்போது இந்த இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிரெகோர்ச்சிச் 'அந்நியன்' என்று யாரை மூழ்கடிக்கச் சொன்னாரோ, அந்தச் சொல் படை உடையில் வந்த உங்கரெத்தியின் மேலும் விழும். உங்கரெத்தியோ அதே நீரில் படுத்து, பிரபஞ்சத்தில் தானும் ஒரு சிறு இழை என்று உணர்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. எந்த மழுப்பலாலும் ஒத்துப்போகவைக்க முடியாது. ஆனால் ஆற்றின் முழுக்கதை தெரிய வேண்டுமானால் இரண்டையும் படிக்காமல் முடியாது. ஐரோப்பாவின் 'பகிர்ந்த பண்பாடு' என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். எதிரியின் கவிதையும் உன் ஊரைப் பற்றியதே என்று ஒப்புக்கொண்டு, அதையும் அலமாரியில் வைப்பது.

இதே வட்டாரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, துயினோ என்ற கடலோரக் கோட்டை இருக்கிறது. பிராகில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய ரில்கே, 1912இல் அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது தன் புகழ்பெற்ற இரங்கற்பாக்களைத் தொடங்கினார். முடித்தது 1922இல், சுவிட்சர்லாந்தில். அவர் தொடங்கியபோது கோட்டை ஆஸ்திரியாவில் இருந்தது. இன்று இத்தாலியில். பாறை விளிம்போரம் போகும் நடைபாதைக்கு ரில்கே பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மொழிகள், மூன்று கவிஞர்கள், அரைநாளில் காரில் சுற்றிவிடக்கூடிய ஒரு வட்டாரம்.

*இதுவரை:* ஒரு இடம் ஒரு மொழிக்கு மட்டும் சொந்தமாக இருப்பது ஐரோப்பாவில் அபூர்வம். எல்லைகள் மாறின, கவிதைகள் அங்கேயே தங்கிவிட்டன. அந்த இடத்தை நேசிக்கிறவர் மற்ற மொழிக்காரர் எழுதியதையும் சேர்த்துத்தான் நேசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கவிஞரை மூன்று நாடுகள் கொண்டாடினால்

இது மலையோரத்து விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். போலந்தின் மாபெரும் கவிஞர் ஆதாம் மிட்ஸ்கேவிச், தன் பெருங்காவியத்தை "லிதுவேனியாவே, என் தாயகமே" என்று போலிஷ் மொழியில் தொடங்குகிறார். அவர் பிறந்த வட்டாரம் இன்று பெலாரஸில் இருக்கிறது. படித்தது இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியுஸில். நூல் வெளியானது 1834இல் பாரிஸில். இறந்தது 1855இல் இஸ்தான்புலில். உடல் கடைசியில் வந்து சேர்ந்தது போலந்து மன்னர்கள் துயிலும் கிராகோவ் வாவெல் பேராலயத்துக்கு. போலந்து, லிதுவேனியா, பெலாரஸ் மூன்றும் அவரைத் தங்களவர் என்கின்றன, மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது.

அரசாங்கம் கைவைக்கும்போது

கவிஞர்கள் தாமாகச் செய்ததை அரசுகள் திட்டமிட்டுச் செய்யப் பார்க்கும்போது என்ன ஆகிறது? சில நேரம் நன்றாக வருகிறது, சில நேரம் வேடிக்கையாக.

நன்றாக வந்ததற்கு ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் திட்டத்தைச் சொல்வேன். ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் முழுக்க அங்கே கலை நிகழ்ச்சிகளை நடத்துவது. நடிகையாக இருந்து கிரேக்கப் பண்பாட்டு அமைச்சரான மெலினா மெர்கூரி முன்னெடுத்தது. 1985இல் ஏதென்ஸில் தொடங்கியது. 2025இல் இந்தப் பட்டம் பெற்ற இடங்களில் ஒன்று, நாம் பார்த்த அதே ஆற்றங்கரை: ஸ்லோவேனியாவின் நோவா கொரீட்சாவும் இத்தாலியின் கொரீட்சியாவும் சேர்ந்து. 1947இல் எல்லைக்கோடு போட்டபோது பழைய நகரம் இத்தாலிக்குப் போனது. ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவுக்கு வந்தது (ஸ்லோவேனியா அப்போது அதன் ஒரு பகுதி). நிலையத்துக்கு முன்னிருந்த சதுக்கம் குறுக்கே அறுபட்டது. அந்தப் பக்கம் நகரமே இல்லாததால் நோவா கொரீட்சா என்று புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். 2004இல் ஸ்லோவேனியா ஒன்றியத்தில் சேர்ந்தபோது சதுக்கத்து வேலியை எடுத்தார்கள். எல்லை இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாத பயணி கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் வேலி திரும்ப முளைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தார்கள்.

கீதம் கொஞ்சம் சிக்கலான கதை. ஜெர்மன் கவிஞர் ஷில்லர் 1785இல் 'மகிழ்ச்சிக்கு' என்ற கவிதையை எழுதினார். பிற்காலத்தில் அவரே அதை மோசமான கவிதை என்று ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். இசையமைப்பாளர் பீத்தோவன் அதை விடவில்லை. 1824இல் வியன்னாவில் அரங்கேறிய ஒன்பதாவது சிம்பனியின் கடைசிப் பகுதியில் அதைச் சேர்ந்திசையாக வைத்தார். 1972இல் ஐரோப்பா கவுன்சிலும், 1985இல் ஒன்றியத் தலைவர்களும் அந்த இசையைக் கீதமாக்கினார்கள். இசையை மட்டும். ஜெர்மன் வரிகளைப் பாடச் சொன்னால் மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே, ஒரு கவிதையிலிருந்து பிறந்த அதிகாரபூர்வ கீதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இசைக்கு மட்டும் நல்ல குணம் இருப்பதாக யாராவது நினைத்தால் ஒரு தகவல். கவுன்சில் ஏற்ற இரண்டே ஆண்டுகளில், 1974இல், ஆப்பிரிக்காவில் வெள்ளைச் சிறுபான்மை ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) அதே மெட்டுக்கு வேறு வரிகள் போட்டுத் தன் தேசியகீதமாக்கிக்கொண்டது. மனிதரெல்லாம் சகோதரர் என்ற கவிதையின் மெட்டு அது.

ப்ரெஷெரனுக்கு வருவோம். 1844இல் அவர் எழுதிய மதுவாழ்த்துப் பாட்டின் ஏழாவது பத்தி, ஸ்லோவேனியாவின் தேசியகீதம். எல்லைக்கு அப்பால் இருப்பவன் பேயாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கும் நாளுக்கு ஏங்குகிற எல்லா மக்களையும் அது வாழ்த்துகிறது. தன் நாட்டின் பெயரே வராத தேசியகீதப் பத்தி! ஐரோப்பிய மரபு முத்திரை என்று ஒன்றியம் கொடுக்கும் அங்கீகாரம் பெரும்பாலும் கட்டடங்களுக்கும் இடங்களுக்கும்தான் போகும். இந்தக் கவிதைக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் 2 யூரோ நாணயத்தில் இந்தப் பாட்டின் ஒரு வரியும் ப்ரெஷெரனின் முகமும் உண்டு. இத்தாலியின் 2 யூரோவில் கவிஞர் தாந்தே. லிஸ்பனில் காப்பி குடித்துவிட்டு வாங்கும் சில்லறையில் இருவரும் சேர்ந்தே வரலாம்.

நாணயத்தில் ஒரு பக்கத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். நோட்டில் அந்த வசதி இல்லை. எந்த நாட்டுக் கட்டடத்தைப் போட்டாலும் இன்னொரு நாடு முகம் சுளிக்கும். ஆகவே ஆஸ்திரியாவின் நோட்டு வடிவமைப்பாளர் ரொபர்ட் கலினா, 2002இல் புழக்கத்துக்கு வந்த நோட்டுகளில் உலகத்தில் எங்குமே இல்லாத பாலங்களை வரைந்தார். ரோமானியப் பாணியில் ஒன்று, கோதிக் பாணியில் ஒன்று என்று வெறும் பாணிகள். பிறகு நெதர்லாந்தில், ராட்டர்டாம் பக்கத்து ஸ்பைகெனிஸ்ஸே என்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஏழு கற்பனைப் பாலங்களையும் தங்கள் வாய்க்கால்கள் மேல், நோட்டின் நிறத்திலேயே, கட்டிவிட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பாலங்கள் கடைசியில் ஒரு ஊருக்குச் சொந்தமாகிவிட்டன.

எனக்கென்னவோ சோச்சா ஆற்றின் சோல்கான் பாலத்தையே போட்டிருக்கலாம் என்று தோன்றும். 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல்வளைவு. கல்லால் ஆன ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய வளைவு அது. ஆஸ்திரியா கட்டி 1906இல் திறந்தது. 1916 ஆகஸ்டில் பின்வாங்கிய ஆஸ்திரியப் படையே வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் இத்தாலி திரும்பக் கட்டியது. இன்று ஸ்லோவேனியாவில் ரயில் ஓடுகிறது.

ஐரோப்பிய மத்திய வங்கியும் இப்போது நிஜத்துக்கு இறங்கி வருகிறது. அடுத்த வரிசை நோட்டுகளுக்கு இரண்டு கருப்பொருள்களை எடுத்துக்கொண்டு, 2025 ஜனவரியில் அவற்றின் உருவங்களை அறிவித்தது. ஒன்று 'ஐரோப்பியப் பண்பாடு': பாடகி மரியா காலஸ், பீத்தோவன், மேரி கியூரி, எழுத்தாளர் செர்வாண்டிஸ், ஓவியர் லியொனார்டோ, அமைதிப் போராளி பெர்தா ஃபொன் சுட்னர். காலஸ் பிறந்தது நியூயார்க்கில். கியூரியை போலந்தும் பிரான்சும் பங்குபோட்டுக்கொள்ளும். இன்னொரு கருப்பொருள் ஆறுகளும் பறவைகளும். எது ஜெயித்தாலும் சண்டை நிச்சயம். ஆறுகள் ஜெயித்தால் சண்டை கொஞ்சம் குறையும் என்று நினைப்பவர்கள் கிரெகோர்ச்சிச்சைப் படித்ததில்லை.